பூட்டிய துறையும் கொழும்புக்குப் போன மனுவும்

1. பின்வரிசை

"புதிய இறங்குதுறை வருடம் முழுவதும் பாவனையில் உள்ளது" என்று எங்கள் அமைச்சின் செயலாளர் மைக்கின் முன் சொன்னபோது நான் அவருக்குப் பின்வரிசையில் இருந்தேன். பாராளுமன்றக் குழு அறை ஒன்றுக்குள் நான் காலடி வைத்த முதல் நாள் அது. பயண அலுப்புத் தீரவில்லை, ஏசிக் குளிர் வேறு. ஒரு கணம் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று ஹெட்போனைச் சரிசெய்தேன். ஆனால் சரியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

மட்டக்களப்பில் எங்கள் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். வாவி மீனவர்களுக்குத் துறை, மீன் நிறுத்து விற்கும் மடுவம் போன்ற வசதிகளைச் செய்துகொடுப்பது எங்கள் வேலை. பாராளுமன்றத்திலிருந்து வரும் விடயங்களுக்குப் பதில் தயாரிக்கும் 'சப்ஜெக்ட்' என் தலையில் விழுந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு இது எப்படி நடக்கிறதென்று தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அரசாங்க அலுவலகம் ஒன்று தனக்கு அநியாயம் செய்துவிட்டது என்று நினைக்கும் எவரும் ஓர் எம்.பி. மூலம் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். பொதுமனுக்கள் பற்றிய குழு அதை எடுத்து விசாரிக்கும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே மேசையில் இருக்கும். மனுதாரரையும் கூப்பிடுவார்கள், அமைச்சின் செயலாளரையும் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பதில் சொல்வது செயலாளர் ஒருவர்தான். அவருக்குப் பின்வரிசையில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் வாய் திறப்பதில்லை. தெரிந்ததைத் துண்டில் எழுதி முன்னால் நீட்ட வேண்டும். முதல் நாளே அமைச்சில் 'ப்ரீ-மீட்டிங்' வைத்து, என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துவிடுவார்கள்.

ஒத்திகையில் இந்தப் பதில் இல்லவே இல்லை. 'வாவியில் தண்ணீர் குறைந்தால் பாவிக்க முடியாது' என்று அவசரமாகத் துண்டு எழுதினேன். அது எங்கள் மாவட்டப் பணிப்பாளரின் கை வழியாகத்தான் முன்னுக்குப் போக வேண்டும். அவர் வாசித்தார். அழகாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சும்மா இருங்க மிஸ். சேர் சொன்னது சொன்னதுதான்" என்றார் காதோடு.

எதிரே இருந்த மனுதாரரின் பெயர் கமலேஸ்வரி. கமலா என்றுதான் ஊரில் சொல்வார்கள். சொந்தத் தோணியில் தானே வலைக்குப் போகிறவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். புதிய இறங்குதுறையைக் கட்டிய கையோடு, பக்கத்தில் காலங்காலமாகத் தோணி விட்ட பழைய துறைக்குப் போகும் பாதையில் எங்கள் திணைக்களம் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டது. அதைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் மனு. வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

"ஐயா, தண்ணி வத்தினா அதுல தோணி கட்டேலாது" என்றார் கமலா. "முழங்கால் சேத்துக்குள்ள இழுக்கணும். ஆம்பிளயள் நாலு பேர் சேந்து இழுப்பாங்க. நான் தனிய இழுத்துக் கரைக்கு வாறதுக்குள்ள மீன் வாங்குற ஏவாரி போயிருவான். பிடிச்ச இறால் அப்படியே பழுதாப் போகுது. பழைய துறை மண் துறை ஐயா, எப்பவும் காலூண்டலாம்."

குழுவுக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் தெற்கைச் சேர்ந்தவர். சிங்களத்தில் பேசினார், ஹெட்போனில் தமிழில் வந்தது. "செயலாளர் ஒன்று சொல்கிறார், இந்த அம்மா இன்னொன்று சொல்கிறார். வந்து பார்த்தால் தெரிந்துவிடும். திகதியை ஒழுங்கு செய்யுங்கள்."

2. வெட்டுவம்

திரும்பி வரும் வழியில் பணிப்பாளரிடம் கேட்டே விட்டேன். "சேர், அந்தக் கதவத் திறந்தா அலுவல் முடிஞ்சுதே?"

"நீங்க ஒண்டு. பழைய துறையத் திறந்தா ஒருத்தனும் புதுசுக்கு வரமாட்டான். மறுகா கணக்குப் பாக்கிற ஓடிட்டர் வந்து, ஆளில்லாத துறைய என்னத்துக்குக் கட்டின எண்டு கேப்பான். ஆர் பதில் சொல்ற?"

கதவு எதற்கு என்று அதுவரை நான் நினைத்திருந்ததெல்லாம் வேறு. பாதுகாப்பு, காணிப் பிரச்சினை, இப்படி ஏதோ இருக்கும் என்று நம்பியிருந்தேன். கட்டியது பிழையில்லை என்று காட்டுவதற்காக ஒரு ஊரையே சேற்றுக்குள் இறக்கிவிட்டிருக்கிறோம்! யாராவது வந்து கேட்டால் 'கொழும்பிலிருந்து உத்தரவு வரவேணும்' என்று சொல்லி அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள்.

குழு வரும் திகதியை மார்கழியில் போட்டது பணிப்பாளரின் மூளை. கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை மண் மேடு அடைத்திருக்க, மழைத் தண்ணீரில் வாவி ததும்பும் காலம் அது. இறங்குதுறை கட்ட நீர்மட்டம் அளந்ததும் அப்படியான ஒரு மாதத்தில்தான். அந்த நேரத்தில் பார்த்தால் துறை படத்தில் வருவது போல இருக்கும். "தண்ணிக்குள்ள நிக்கிற துறையக் காட்டுவம், போட்டோ எடுத்துக்கொண்டு போகட்டும்" என்று சிரித்தார்.

அந்த முறை மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் எல்லாம் தண்ணீருக்குள். முகத்துவாரத்தை வெட்டிவிடுவதா என்று முடிவெடுக்கக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இது பழைய இழுபறி. வெட்டினால் வயல் தப்பும், இறால் வளருமுன் கடலுக்குப் போய்விடும். வெட்டாவிட்டால் மீனவருக்கு நல்லது, நெல் வெள்ளாண்மை அழியும். மீனவர் பக்கம் பேச வேண்டியது எங்கள் பணிப்பாளர்.

அவர் எழுந்தார். "வெட்டுவம். உடன வெட்டுவம்!" என்றார்.

படுவான்கரையில் ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், அவருக்கும் காணி இருந்தது. கதிர் தெரியாமல் மூழ்கிக் கிடந்தது. அவர் மனம் முழுக்க அங்கேதான்.

நான் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். "சேர், வாற கிழமை குழு வருது" என்று மெல்லச் சொன்னேன்.

"அதுக்கும் இதுக்கும் என்ன மிஸ்?"

வாவிக் கரையில் பிறந்து, வாவிக்கு அதிகாரியாக இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டார் என்று வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. எனக்கே இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

3. சேறு

குழு வந்து இறங்கியபோது கரையில் வரவேற்புப் பந்தலும் செவ்விளநீரும் தயாராக இருந்தன. வாவியில் தண்ணீர்தான் இல்லை. வெட்டிய முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு ஓடி வடிந்துவிட்டது. இறங்குதுறை நாலு காலில் அந்தரத்தில் நின்றது. அதில் கட்டி வைத்த தோணிகள் சேற்றில் சரிந்து கிடந்தன. பணிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை. "முந்தநாள் தண்ணி நிண்டது" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

தவிசாளர் துறையின் நுனி வரைக்கும் நடந்து போய்க் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார், கால்சட்டையைச் சுருட்டினார், ஏணி வழியாக இறங்கிவிட்டார். முழங்கால் வரை புதைந்தது. ஒரு தவிசாளர் இப்படிச் செய்வார் என்று எங்களில் எவரும் எதிர்பார்க்கவில்லை. அங்கே நின்றபடியே எங்கள் பணிப்பாளரை அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் சிரிக்காமல் சொன்னார்: "வருடம் முழுவதும் பாவிக்கலாம் என்று சொன்னீர்களாம். வந்து பாவித்துக் காட்டட்டுமாம்."

பளபளவென்ற சப்பாத்தோடு பணிப்பாளரும் இறங்கினார். கரையில் நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அதற்குள் கமலா கண்ணில் பட்டார். வலைக்குப் போய் வந்தவர், தோணியின் மூக்கைத் தோளில் முட்டுக்கொடுத்து, ஓரடி தள்ளி, நின்று மூச்சு வாங்கி, மறுபடி தள்ளிக்கொண்டிருந்தார். எம்.பி. ஒருவர் ஓடிப்போய்க் கைகொடுத்தார்.

பழைய துறையைத் திறக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தவிசாளர் அந்த இடத்திலேயே பணிப்புரை கொடுத்தார். கமலா சேற்றுக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "திறக்கப் போறாங்க மிஸ்" என்றார்.

4. கலைந்தது

அறிக்கை போனது. 'சாத்தியவள ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்று போடச் சொன்னார் பணிப்பாளர். "எங்க சேர் ஆய்வு நடக்குது?" என்று கேட்டேன். "நடக்கும்" என்றார்.

அந்த இழுவையில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் ரோல்ஸும் பிளேன்டீயும் வந்தன. "மிஸ், அந்தப் ஃபைலக் கட்டி வைங்க" என்றார் பணிப்பாளர். விளங்காமல் குழுவின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே சொன்னார்: "பாராளுமன்றம் கலைந்தால் குழுவும் இல்லை அம்மா. புதுப் பாராளுமன்றம் கூடியதும் ஓர் எம்.பி. அந்த மனுவைத் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும்."

அவ்வளவு பேர் சேற்றில் இறங்கிக் கண்ணால் கண்ட விஷயம். திரும்பவும் முதலிலிருந்தா?

கமலா வந்தபோது அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"பாராளுமன்றம் கலைஞ்சா, அவங்க திறக்கச் சொன்னதும் கலைஞ்சு போகுமா?"

"ஓம் கமலா."

"அப்ப அந்தக் கதவத் திறக்கிறதுக்கு ஆர்ர உத்தரவு வேணும்?"

"எங்கட பணிப்பாளர்ர."

"கொழும்பு வேணாமா?"

"வேணாம்."

"அவர் எங்க இருக்கார்?"

"உள்ளுக்க."

கமலா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். "இவ்வளவு காலமும் இஞ்சதானா இருந்தவர்?" என்றார்.

உள்ளே போனார், போன வேகத்தில் வெளியே வந்தார். புதுப் பாராளுமன்றம் வரட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார் பணிப்பாளர்.

5. திறந்தது

புதுப் பாராளுமன்றம் வந்தது. புது எம்.பி. ஒருவரைப் பிடித்து மீனவர் சங்கம் மனுவைத் திரும்பக் கொடுத்தது. நாட்கள் இழுபட்டு, கடைசியில் குழுவின் அழைப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதைப் பார்த்த கையோடு பணிப்பாளர் மேசை லாச்சியை இழுத்து அந்தக் கதவின் திறப்பை, சாவியை, எடுத்தார். ஒரு தொழிலாளியிடம் கொடுத்து, "போய்த் திறந்துவிட்டு வா. செயலாளர் அங்க 'திறந்தாச்சு' எண்டு சொல்லணும்" என்றார்.

ஆய்வும் இல்லை, உத்தரவும் இல்லை. பிளேன்டீ ஆறுவதற்குள் ஆள் திரும்பி வந்துவிட்டான். அவ்வளவு காலமும் அந்தத் திறப்பு அவருடைய முழங்காலுக்கு நேரே கிடந்திருக்கிறது.

நல்ல செய்தியை முதலில் நான் சொல்ல வேண்டும் என்று கமலாவின் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் குந்தியிருந்து, யாரோ முதலாளியின் இறாலைக் கோது உடைத்துக்கொண்டிருந்தார்.

"கதவு திறந்தாச்சு கமலா!"

"நல்லம் மிஸ். மத்தச் சனம் போகட்டும்" என்றார். கை நிற்கவில்லை. "நான் தோணிய வித்துட்டன்."

இளம் உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பாராளுமன்றக் குழு நல்ல விஷயம். அது கேள்வி கேட்கும், பெரிய அதிகாரிகளையும் பதில் சொல்ல வைக்கும், சில நேரம் சேற்றிலும் இறங்கும். ஆனால் பூட்டைத் திறக்கிறது அதன் வேலையில்லை, அது எங்கள் வேலை. ஒரு மனு உங்கள் மேசைக்கு வந்தால், பதில் எழுத உட்காருமுன் உங்கள் லாச்சியைத் திறந்து பாருங்கள். திறப்பு அங்கே இருந்தால் அன்றைக்கே எழுந்து போங்கள். அவர்களிடம் தோணி இருக்கும்போதே போங்கள்.