பொன்வெயிலுக்காக நின்றவர்

பிற்பகல் 1.40. தர்மபுரியில் ஒகேனக்கல் பேருந்தில் ஏறினேன். நாற்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். சென்னையில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியை நான். அடுத்து நடத்தவேண்டிய பாடம், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களின் இயற்கைக் காட்சிகள். மழைமேகமும் தட்டை வயலுமான நாட்டில் பிறந்தவர்கள், ரோமாபுரியின் பொன்வெயிலையும் இடிந்த தூண்களையும் பழங்கதைத் தேவதைகளையும் வரைந்தார்கள். சிலர் அங்கே போனதே இல்லை. போய்வந்தவர்களின் படங்களைப் பார்த்தே வரைந்தார்கள். அந்தப் படங்களில் ஆற்றங்கரையில் ஆடு மேய்ப்பவர்கள் ஒரு கவலையும் இல்லாமல் நிற்பார்கள். காவிரியை அப்படி வரைந்து மாணவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

3.50. பரிசல்காரர் சின்னப்பன் அருவிக்கு மேலே ஆற்று நடுவில் ஒரு பாறைத் திட்டில் என்னை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். திட்டுக்கும் அக்கரைக்கும் நடுவே கணுக்காலளவு தண்ணீர்தான். அதைக் கடந்து வந்து, மாதம்மாள் என்ற பெண்மணி ஒன்பது ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் இந்தப் பாறைமேல நிப்பீங்களாம்மா? படம் வரையணும்."

"சீக்கிரம் முடிச்சிருங்க. ஆட்ட ஓட்டிக்கிட்டு வூட்டுக்குப் போவணும்."

நின்றார். ஆனால் தலை அடிக்கடி ஆற்றின் மேல்பக்கம் திரும்பியது. அப்படித் திரும்பும்போது முகத்தில் வெயில் விழவில்லை.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க, என்னப் பாருங்க" என்றேன். பத்து நிமிடம் அரைமணி ஆனது.

4.25. சின்னப்பன் கத்தினார். "தண்ணி நெறம் மாறுதுங்க! மேல மழ பேஞ்சிருக்கு. ஏறுங்க, ஏறுங்க!"

தெளிந்திருந்த நீர் செம்மண் நிறமாக வந்தது. அக்கரை வழி நாங்கள் பார்க்கும்போதே இடுப்பளவு ஏறியது.

"ஆளுங்க மட்டும் வாங்க!"

"ஆட்ட வுட்டுட்டு நான் வரமாட்டேன். நீங்க போங்க" என்றார் மாதம்மாள்.

வரைபலகையைப் போட்டுவிட்டு ஆடுகளைத் தூக்கினேன். முதல் நடையில் ஐந்து ஆடுகள் கரை சேர்ந்தன. சின்னப்பன் திரும்பி வந்தபோது எங்கள் கால் மூழ்கியிருந்தது. மூன்றை ஏற்றினோம். கடைசியாகச் சினையாடு. அது மிரண்டு வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மாதம்மாள் பின்னாலேயே பாய்ந்தார். இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆட்டின் தலை இருமுறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

5.10. கரையில் உட்கார்ந்தோம். "என்னாலதான்மா" என்றேன்.

"நான் தண்ணியப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்கதான் பாக்காதன்னீங்க." குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இருட்டும்வரை அவரோடு கரையோரமாகத் தேடினேன்.

7.15. ஈரப் புடவையோடு தர்மபுரிப் பேருந்து. அந்த டச்சுப் படங்களில் ஆறு ஏறுவதே இல்லை. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இது என் கண்ணில் பட்டதில்லை.

மறுநாள் காலை சின்னப்பனுக்குப் போன் செய்தேன்.

"கெடைக்கலைங்க" என்றார். பிறகு, "மாதம்மா ஒங்களக் கேட்டுச்சு. ஈரத்தோட போனாங்களே, நல்லபடியா ஊர் சேந்தாங்களான்னு."