வாசலுக்கு மேலே ஒரு பலகை

எங்கள் ஊர் தேற்றாத்தீவில் இருந்த வினாயகமூர்த்தி மச்சான் கொழும்பைக்கூடக் கண்டதில்லை. ஆனால் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சின்ன ஊரில் சந்தை எந்தக் கிழமை கூடும் என்று கேட்டால் பட்டென்று சொல்வார். என் அக்கா சீதேவிப்பிள்ளையின் கணவர் அவர். தபால்கந்தோரில் முத்திரை குத்துவது வேலை. அந்த ஊர் வாத்தியார் ஒந்த்ரேயுடன் தபால்தலை மாற்றிக்கொள்ளப் போய், நாலு வருடமாக ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து. அங்கே பனி விழுகிறது என்று எழுதி வந்தால் இவர் இங்கே சால்வையைப் போர்த்திக்கொள்வார்.

1938இல் வாத்தியார் தன் வீட்டுப் படத்தை அனுப்பினார். கதவுக்கு மேலே அவர் பெயர் எழுதிய பலகை. பாட்டன் கட்டியது, தகப்பனுக்கு வந்து, பிறகு தனக்கு வந்தது என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவளுக்குத் தாலி கட்டியவன் அங்கே போய் இருப்பான். இருபத்திரண்டு வருடம் அக்கா வீட்டில் உண்டு உறங்கிய மனிதருக்கு அன்றுதான் ரோசம் வந்தது. முதிரை மரப் பலகையில் தன் பெயரைச் செதுக்கி வாசலுக்கு மேலே அடித்தார்.

அந்த வாரமே மகள் இரத்தினம்மாவைப் பெண் பார்க்க, வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எங்கள் கெட்டகாலம், மாப்பிள்ளையின் தாய் இலட்சுமிப்பிள்ளைக்கு எழுத்துத் தெரியும்.

"வீடு தகப்பன்ட பேரிலயா கிடக்கு? அப்ப புள்ளைக்கு என்ன இருக்கு?"

வெற்றிலைத் தட்டைத் தொடாமலே தோணிக்குத் திரும்பிவிட்டார்கள்.

"இஞ்ச பாருங்க, இது ஆர்ர வீடு?" என்று அக்கா கேட்டாள். இரத்தினம்மா அழுதாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான். பலகையை நானே கழற்றினேன்.

அக்கா வீட்டையும் சுற்றியிருந்த வளவையும் மகள் பேரில் எழுதினாள். அந்த உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டிக் கெஞ்சிய பிறகே கலியாணம் நடந்தது. அக்காவும் மச்சானும் பின்வளவுக் குடிசைக்குப் போனார்கள். பலகை கோழிக்கூட்டுக்குக் கதவாயிற்று. வெட்கத்தில் மச்சான் வாத்தியாருக்கு எழுதுவதையே விட்டுவிட்டார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் வாத்தியாரிடமிருந்தே கடிதம் வந்தது. இரண்டாவது வரியிலேயே மச்சான் துள்ளினார்.

"பாத்தியா! அவரும் இப்ப பொஞ்சாதிர தாய்ர வீட்டிலதானாம். அங்கயும் நம்மட முறை வந்திட்டு!"

பிறகு மீதியைப் படித்தார். பெரிய அரசுகள் கூடித் தேசப்படத்தில் ஒரு கோடு போட்டிருந்தன. வாத்தியாரின் ஊர் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டது. வாத்தியாருக்கு மூட்டை கட்ட ஒரு நாள் கொடுத்தார்களாம். கதவுக்கு மேலே இப்போது வேறொருவர் பெயராம்.

மச்சான் பேனாவை எடுத்தார். எழுதி முடித்து எனக்குத் தமிழில் சொன்னார்:

"எங்கட வளவில இடம் இருக்கு, குடும்பத்தோட வாங்க எண்டு எழுதியிருக்கன்."

அந்த வளவும் அவருடையதல்ல. அதைச் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை.