ஆறாவது தோட்டா

பதனிட்ட ஆட்டுத்தோலின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினால் போதும், அந்த ஆடு எந்த முள்வேலியில் நுழைந்து கீறிக்கொண்டது என்று சொல்லிவிடுவார் அமீர் பாஷா. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ரகம் பிரிக்கும் மேஸ்திரி. எதையும் புரட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார் என்று பெயர். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அந்தப் பெயர் செல்லவில்லை.

தோல் கிடங்கின் காவலுக்கென்று இருந்த ரைபிள் 1926இல் அவர் தலையில் விழுந்தது. அதுவரை லைசென்ஸ் வைத்திருந்த ரத்தினசாமி மதராஸுக்குப் போனார். போகும்போது துப்பாக்கியையும் ஐந்து தோட்டாக்களையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லைசென்ஸ் யார் பெயரிலோ அவர் வீட்டில்தான் துப்பாக்கி இருக்க வேண்டுமாம். ஆகவே கிடங்கு பாலாற்றங்கரையில் தனியாக நின்றது. அதன் காவல், ஐந்து பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

முன்கூடத்தில் வைத்தால் வருகிறவன் போகிறவன் கண் படும். உள்கட்டில் அந்நிய ஆண் நுழைய முடியாது. ஆனால் பிள்ளைகளின் ராஜ்ஜியமே அங்கேதான். ஒரு வாரம் குழம்பிவிட்டு உள்கட்டையே தேர்ந்தெடுத்தார். தேக்குப் பெட்டி, இரண்டு பூட்டு, சாவி எப்போதும் தன் ஜிப்பா பையில். தோட்டா டப்பா பீரோ உச்சியில். துப்பாக்கியை யாரும் தொடக்கூடாது என்று விதி போட்டார். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் புது ஜிப்பா மாட்டிக்கொண்டு போனவர், பள்ளிவாசலில் பையைத் தடவிப் பார்த்தார். சாவி பழைய ஜிப்பாவில்! ஓடி வந்து பார்த்தால், வலது பையில் இருக்கவேண்டிய சாவி இடது பையில் இருந்தது. பெட்டியைத் திறந்தார். துப்பாக்கி இருந்தது. டப்பாவை எண்ணினார். ஆறு.

மறுபடி எண்ணினார். ஆறேதான். குறைந்திருந்தால் பயப்படலாம், அதற்கு வழி தெரியும். கூடினால் என்ன செய்வது? தோட்டா குட்டி போடுமா?

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். "யாரு தொட்டது?"

"நான் பட்டம் எடுக்கத்தான் பீரோ மேல ஏறினேன்" என்றான் கவுஸ்.

"நான் வெல்லம்தான் எடுத்தேன்" என்றாள் ஜஹீருன்னிசா. வெல்லத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நாலு வயது அக்தரி மட்டும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "அம்மா அடிச்சாங்க" என்றாள்.

அடுப்படியிலிருந்து மனைவி பக்ருன்னிசா வந்தாள். "இன்னாத்துக்குப் புள்ளைங்களை மிரட்டுறீங்க? ஆறாவதை வெச்சது நான்."

"உனக்கு ஏது?"

"உங்க துப்பாக்கி வயித்துல இருந்தது. பெட்டியைத் தொறந்து, குதிரையில விரலை வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா இந்த அக்தரி. பிடுங்கி போல்ட்டை இழுத்தேன். தொப்புனு விழுந்தது."

அமீர் பாஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரத்தினசாமி அஞ்சுதான்னு சொன்னாரே..."

"அவரு டப்பாவை எண்ணினாரு. நீங்க?"

இரண்டு வருஷமாக அவர் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது குண்டு போட்ட துப்பாக்கியை. அக்தரியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன விரலை விடாமல் பிடித்திருந்தார்.

"போல்ட்டு இழுக்க உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எங்கப்பா பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்தவரு. நிச்சயத்தன்னிக்கே சொன்னாங்க. உங்க கவனம் பிரியாணியில இருந்தது."

அன்றைக்கே அவள், இல்லாவிட்டால் துப்பாக்கி வெடிக்காத அந்தப் போல்ட்டைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டாள். "சாவி உங்ககிட்ட இருக்கட்டும். இது எங்க இருக்குன்னு உங்களுக்கும் சொல்லமாட்டேன்."

"லைசென்ஸ் என் பேர்ல..."

"ஜிப்பாவும் உங்களுதுதான்."

திங்கட்கிழமை போலீஸ் தாணாவுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, ஆறாவதை ஒப்படைத்தார். பேசியது அவர், கூட வந்த மச்சான்தான் வாக்கியங்களை முடித்துவைத்தார்.

1934இல் வேறொருவர் பெயருக்கு லைசென்ஸ் மாறியது. வாங்க வந்தவரிடம் துப்பாக்கியைக் கொடுத்த அமீர் பாஷா, "உள்ளே விரலை விட்டுப் பாருங்க" என்றார், தோலைத் தடவச் சொல்கிற அதே குரலில். அப்போது உள்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, துணியில் சுற்றிய போல்ட்டைக் கொடுத்தது. எண்ணெய் போட்டுப் பளபளவென்றிருந்தது.

ஆறு வருஷம் அது எங்கே இருந்தது? அவர் அன்று கேட்டார், பிறகும் கேட்டார். துப்பாக்கி போய்விட்ட வீட்டில் இன்னும் அந்த ஒரு குழப்பம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.