அவரைப் பந்தலடியில் நின்றவர்

அவரை இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி நாத்தப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகு முழுக்கக் கேடயம் கவிழ்த்த மாதிரி ஒரே ஓடு. இன்றும் அதைக் கண்டால் அடுத்த வீட்டு ஜவுளிக்கடை பாய் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த இடத்தில் குடியிருந்தோம். சாலையில் மரத்தை வெட்டிப் போட்டதாகப் போலீஸ் தேடிய என் கொழுந்தன் எங்கள் உள்ளறையில் ஒளிந்திருந்தான். ஊரே கடையடைத்துக் கிடந்ததால் பாய் நாளெல்லாம் வேலியோரம் தன் அவரைப் பந்தலடியில் நின்றார். முகம் எங்கள் சன்னல் பக்கம். பூச்சி பார்க்கிறாராம். "சும்மா நிக்கிற மாட்டுக்கும் ஒரு யோசனை இருக்கும்டி. அவன் கண்ணு நம்ம வூட்டு மேலதான்," என்றார் மாமியார்.

நானே போய்க் கேட்டேன். இலையைத் தூக்கிக் காட்டினார். வெயில் ஏறினால் அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும், ஆள் நிழல் பட்டால் அசையாது என்று மெல்லச் சொன்னார். பூச்சி இருந்தது உண்மைதான். ஆனால் ஒளிவதைப் பற்றி என்னிடம் எதற்குச் சொன்னார் என்று மனம் அரித்தது.

ஒரு மத்தியானம் ஏட்டு ஒருவர் தனியாக வந்து, எங்கள் வீட்டில் வேற்றாள் உண்டா என்று பாயிடம் விசாரித்தார். சன்னலுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றேன். பாய் தெரியாது என்றார். ஏட்டு நம்பாமல் பந்தலுக்குள் நுழைந்து, எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கக் கொடியை விலக்கினார். பூச்சிகள் பொலபொலவென்று கழுத்தில் உதிர்ந்தன. தட்டத் தட்ட நாற்றம் ஏறியது. "இன்னாய்யா வளக்கற நீ?" என்று திட்டிக்கொண்டே குழாயடிக்கு ஓடியவர், கழுவிக்கொண்டு அப்படியே போய்விட்டார்.

பாய் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "உள்ள இருக்கிற தம்பிக்கு இருமல் ஜாஸ்தியா கீது தங்கச்சி. கஷாயம் வச்சிக் குடு."

எங்களுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. தெரிந்தும் சொல்லாதவன் அதை எதற்கோ பத்திரப்படுத்துகிறான் என்றார் மாமியார். பொழுது சாயுமுன் கொழுந்தனைக் கல்வராயன் மலையில் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

மறுநாள் பாய் வேலியோரம் வந்து, இருமல் தேவலையா என்று கேட்டார்.

"யாருக்கு பாய்?" என்றேன்.

 பாய் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் பந்தலடியில் நிற்கவே இல்லை. ஒரு முறம் அவரைக்காய் மட்டும் மகளிடம் கொடுத்தனுப்பினார். மாமியார் ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்த பிறகே சட்டியில் போட்டார்.