அரிக்கேன் வெளிச்சத்தில் பேச்சியம்மா மதினி

நேற்று கரண்ட் போயிருந்த நேரத்தில் பேத்தி செல்போனை நீட்டி என்னைப் படம் எடுத்தாள். அந்த இருட்டிலும் மூக்கு முடி வரைக்கும் பளிச்சென்று விழுந்திருக்கிறது, போங்கள்! எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பேச்சியம்மா மதினி ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் சின்னமனூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஒருநாள் பொழுது சாயும் நேரம், மதினியின் வீட்டுக்காரர், ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த காமாட்சியண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மதினிக்கு இழுப்பு முத்திருச்சுப்பா. டாக்டரும் கைய விரிச்சுட்டாக. படம் எடுத்தா ஆயுசு கொறையும்னு இம்புட்டு நாளா மாட்டேன்னவ, இப்பத் தன் மொகத்தப் படத்துல பாக்கணும்ங்குறா. வாப்பா!"

போனால் அங்கே கரண்ட் இல்லை. என் பிளாஷோ, நேரம் பார்த்துக் கழுத்தை அறுத்தது. அரிக்கேன் விளக்கு ஒன்றுதான் கதி. கையிலிருந்த பிலிமை, கால்வாசி வெளிச்சமே போதும் என்கிற நாலு மடங்கு வேகமான பிலிம் என்று பாவித்து எடுத்து, பிறகு டெவலப்பர் மருந்தில் கூடுதல் நேரம் போட்டுத்தான் முகத்தை வரவழைக்க வேண்டும். அப்படியும் அரை நொடி யாரும் அசையக் கூடாது. வாய்ப்பழக்கம் பாருங்கள், "ஆடாம மூச்சப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவளிடம்!

"பிடிக்கேன் தம்பி, நீ எடு" என்றாள் மதினி. பிடித்தாள்.

அண்ணன் என்னோடேயே ஸ்டூடியோவுக்கு வந்து, இருட்டறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "ஆச்சாப்பா?"

"வெளிச்சம் பத்தாம எடுத்ததுண்ணே. அவசரப்பட்டா மொகம் எந்திரிக்காது."

மருந்துக்குள் பிலிம் கிடந்த அந்த நேரம் இருக்கிறதே, சாமி, நகரவே மாட்டேன் என்றது. பிரிண்ட் போட்டால், மணல் தூவினாற்போல் ஒரே புள்ளி. எடுக்கும்போது மதினி பக்கத்தில் உட்கார்ந்து அழுது குலுங்கிய அண்ணனின் உருவம் படத்தில் கலங்கிப் போயிருந்தது. மதினி மட்டும் அத்தனை தெளிவு. அண்ணன் ஈரத்தோடு வாங்கிக்கொண்டு பறந்தார்.

கருமாதி முடிந்து வந்தவரிடம், "மதினி பாத்துச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"நான் போகையில மூச்சு இல்லப்பா. கண்ணு தெறந்துதேன் இருந்துச்சு. காட்டுனேன். அப்பறம் அவ கையிலயே வச்சு அனுப்பிட்டேன்."

பல வருஷம் கழித்து, "மொகம் மறந்துக்கிட்டே வருதுப்பா, இன்னொண்ணு போட்டுக் குடு" என்று வந்து நின்றார். அதற்குள் மழையில் ஸ்டூடியோ ஒழுகி, நெகட்டிவெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இப்போது அண்ணனும் இல்லை. மதினியைப் பார்த்தவன் என்று நான்தான் மிச்சம். எனக்கும் முகம் சரியாக வரமாட்டேன் என்கிறது.