வெள்ளி ராவு

புதுப்பட்டினத்தில் அவர்கள் தெருவிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் ஹாதியா. பள்ளிக்கூடம் முடித்த கையோடு செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படித்தாள். படித்த தெருவிலேயே ஒரு டிராவல்ஸில் வேலையும் கிடைத்தது. மகாபலிபுரத்துக்கும் கடற்கரை ஊர்களுக்கும் வரும் வெளிநாட்டுக்காரர்களை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருவதுதான் அந்த ஆபீசின் பிழைப்பு. யார் என்றைக்கு வருகிறார்கள், எந்த வண்டி போகவேண்டும் என்பதை ஹாதியா கம்ப்யூட்டரில் இருக்கும் காலண்டரில் ஏற்றி வைப்பாள்.

அவள் அண்ணன் ஜெயினுலாபுதீன் அங்கேயே டிரைவர். எட்டாவதோடு நின்றவன். வண்டிக்கு எண்ணெய் தண்ணீர் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டான். மற்ற டிரைவர்களிடம் அவன் பீற்றிக்கொள்வது ஒன்றைப் பற்றித்தான். "என் தங்கச்சி ஸ்கிரீனைப் பாத்து ஒண்ணு சொன்னா, அதுக்கு மேல பேச்சு கெடையாது மச்சான்!"

அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாளில் அதன் மூலையிலிருந்த கடிகாரம் தப்பாக ஓடியது. ஹாதியா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருத்தினாள். அத்தோடு சரியாகிவிட்டது என்றே நினைத்தாள். ஆனால் அவள் அனுப்பும் மெயில்கள் அக்கரையில் மறுநாள் தேதியோடு போய்ச் சேர்ந்தன. "நாளைக்கு எழுதப்போகும் கடிதம் இன்றே கிடைத்தது, நன்றி" என்று பிரான்சிலிருந்து ஒருவர் கிண்டலாக எழுதினார். 2003 ஜனவரியில், ஒரு புதன்கிழமை, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் நரசிம்மனை வரச்சொன்னாள்.

அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மணியைத் திருத்திக்கீறே, ஊரை மாத்தலியே. இது இன்னும் அமெரிக்காவுல உக்காந்துகினு கீது."

ஊர்ப் பட்டியலில் சென்னை இருக்கும் வரியைத் தேர்ந்து, மணியையும் சரிசெய்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஹாதியாவுக்கு நிம்மதி.

அதற்கு முந்தைய வாரம்தான் பினாங்கிலிருந்து ஜுலைஹா பீவி என்ற கிழவி போனில் பேசியிருந்தார். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். புதுப்பட்டினத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தங்கை சைதூனைப் பார்க்கத் தனியாக வருகிறார். "வெள்ளி ராவு எறங்குறேன் புள்ள. வண்டி அனுப்பிரு" என்றார்.

வெள்ளி ராவு என்றால் வியாழன் இரவு. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் மறுநாள் கணக்கு ஆரம்பித்துவிடுகிற வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். ஹாதியா வளர்ந்ததும் அப்படிப்பட்ட வீட்டில்தான். அதனால் வியாழக்கிழமை இரவு என்றே சரியாக ஏற்றியிருந்தாள்.

நரசிம்மன் வந்துபோன மறுநாள், வியாழன் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஜெயினுலாபுதீன் கேட்டான். "இன்னாம்மா, இன்னிக்கு ராவு வண்டி எதுனா கீதா?"

அவள் திரையைப் பார்த்தாள். மாதம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. பினாங்கு என்ற பெயர் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் இருந்தது. கிழவி வெள்ளி என்று சொன்னது காதில் இருந்தது. திரையிலும் வெள்ளி இருந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

"இல்லண்ணே. நாளைக்குத்தான்."

இருவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

மறுநாள் காலை ஆபீசில், அன்று மத்தியானம் மகாபலிபுரம் போகவேண்டிய பிரெஞ்சுக் குழுவைத் தேடினாள். வெள்ளிக் கட்டத்தில் காணோம். சனிக்கிழமைக் கட்டத்தில் இருந்தது. திறந்தால், நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணிக்குக் கோயில் பார்க்கக் கிளம்புவதாகக் காட்டியது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததைத் திறந்தாள், அதற்கடுத்ததையும் திறந்தாள். அவள் ஏற்றியிருந்த எல்லாமே ஒரே அளவு தள்ளிப் போயிருந்தன. நரசிம்மன் ஊரை மாற்றியதும், பழைய நேரங்களையெல்லாம் அமெரிக்க நேரமாக எண்ணிக் கம்ப்யூட்டரே சென்னைக்குக் கணக்குப் போட்டுவிட்டிருந்தது.

அப்போதுதான் பினாங்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே…"

வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் துணி கையிலிருந்து நழுவியது.

"இன்னாச்சு? உம்மாவுக்கு எதுனாவா?"

"வெள்ளி ராவுண்ணே. நேத்து. அந்தக் கெழவி நேத்தே வந்துட்டாங்க."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. எடுக்காமலிருக்க அதைவிடப் பயமாக இருந்தது. எடுத்தாள். பினாங்கிலிருந்து கிழவியின் பேரன் ஃபர்தீன்.

"பாட்டி நல்லபடியா வந்து சேந்துட்டாங்களா?"

"நாங்க… ஏர்போர்ட்டுக்குத்தான் கெளம்பிக்கினு இருக்கோம்."

"இப்பவா?" என்றான் அவன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி பறந்தது. சிங்கப்பெருமாள் கோயில் போனதும் ஊரப்பாக்கம் வந்ததும் ஹாதியாவுக்குத் தெரியவில்லை. விடிய விடிய ஒரு கிழவி, கையில் இந்தியப் பணம் இல்லாமல், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல். யாராவது ஏமாற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால்? மாத்திரை பெட்டிக்குள் இருந்து, பெட்டியை எவனாவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்காவது சாய்ந்திருந்தால்? விரல்கள் விறைத்துப்போய் மடங்க மறுத்தன.

"நீ சரியாத்தானேம்மா ஏத்தினே?" என்றான் ஜெயினுலாபுதீன்.

"ஏத்தினது சரி. நேத்து நீ கேட்டப்ப நான் பாத்துச் சொன்னது தப்பு."

அவன் வண்டலூரில் லாரிகளுக்கு நடுவே நுழைந்து வண்டியை ஓட்டினான்.

ஏர்போர்ட்டில், வெளியே வருகிறவர்களுக்காகக் கம்பித் தடுப்பின் மேல் ஆட்கள் சாய்ந்து நின்றார்கள். நாற்காலிகளில் கிழவி இல்லை. போன் பூத்துக்காரர்தான் சொன்னார்: "வெள்ளைத் துப்பட்டி போட்டுகினு ஒரு பாட்டிம்மா? ராத்திரி நாந்தான் ஒரு செங்கல்பட்டு நம்பர் போட்டுக் குடுத்தேன். அடிச்சிகினே இருந்துச்சு, எவனும் எடுக்கல. காலையில மயக்கமா வருதுன்னாங்க. அப்புறம் காணோம்."

அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்து நடத்திப்போனான். மருத்துவ அறையில் கேட்டார்கள். அப்படி யாரும் வரவில்லை. கழிப்பறைப் பக்கம் ஓடினாள். அங்கே, ஒரு தூணுக்குப் பின்னால், பெட்டியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கிழவி பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

ஹாதியா பக்கத்தில் போய் நின்றாள்.

கிழவி ஏற இறங்கப் பார்த்தார். "டிராவல்ஸா?"

"ஆமாம்மா."

"உம் பேரு என்னா சொன்ன போன்ல? ஹாதியாவா? வழி காட்டுறவள்னு பேரு மட்டும் நல்லாத்தான் வச்சிருக்கா ஒன் உம்மா. வெள்ளி ராவு எந்த ராவுன்னு சொல்லித் தரலியா? வெள்ளக்காரிகூட வந்திருப்பா புள்ள!"

"மன்னிச்சுக்கோங்கம்மா. என் தப்புதான்."

"மாத்திரைய முழுங்க இந்தப் பன்னு வேற எவனோ வாங்கிக் குடுக்கணும்." கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்து எழுந்தவர், பிடித்த கையை உற்றுப் பார்த்தார். "அட, ஐஸ் மாதிரில்ல இருக்கு. நான் செத்து மவுத்தாப் போயிருப்பேன்னு நெனச்சியா?"

ஹாதியா தலையாட்டினாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன், விடியக்காலம், சுபுஹு பாங்குக்கு முன்னால" என்றார் கிழவி. அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் கிண்டல் இல்லை.

புதுப்பட்டினம் போய்ச் சேரும்வரை கிழவி அந்தக் கையை விடவில்லை. கட்டிலில் கிடந்த தங்கை சைதூன் கண்ணைத் திறந்து, "வெள்ளி ராவே வர்றேன்னியே, ஜும்ஆத் தொழுகையே முடியப்போவுது" என்று முனகினாள். "இந்தப் புள்ளையக் கேளு, எந்த ராவுன்னு!" என்றபடி கட்டிலில் ஏறி உட்கார்ந்தார் அக்கா.

ஹாதியா இன்னமும் அதே ஆபீசில்தான் இருக்கிறாள். யார் வண்டி கேட்டாலும், "எந்த ராவு? மஃரிப்புக்கு அப்புறமா, விடிஞ்சப்புறமா? எந்த ஊரு மணி?" என்று கேட்காமல் போனை வைக்கமாட்டாள். பெருமாள் கோயில் பட்டரிடமும் அப்படியே கேட்டிருக்கிறாள். டிரைவர்கள் அவளுக்கு 'எந்த ராவு அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெயினுலாபுதீன் அதைக் கேட்டால் பெருமையாகச் சிரிப்பான். ஹாதியா சிரிப்பதில்லை. விடிந்ததும் ஆபீசில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்னால், அவள் விரல்கள் இன்றைக்கும் ஒரு கணம் விறைத்துத்தான் போகின்றன.