தேவராஜைத் தாழ்த்தும் என்று எழுதினேன்

என் நண்பன் தேவராஜ் விழ வேண்டும் என்று ஜெபித்தேன். அவன் விழுந்தான். சபையாரே, இதை மறைத்து வைத்துக்கொண்டு என்னால் உங்களோடு உட்கார முடியவில்லை.

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். ஈப்போ, ஜொகூர், சிங்கப்பூர் என்று அலைந்து, கடைசியில் சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் வெல்டராகச் சேர்ந்தேன். தேவராஜும் அதே நாளில் சேர்ந்தான். நான் இரண்டு முறை வேலையை விட்டு ஓடித் திரும்பினேன். அவன் அங்கேயே நின்றான். மாலை வகுப்பில் படித்தான். போன லெந்து என்னும் தவக்காலத்துக்குமுன் சூப்பர்வைசர் ஆனான்.

"கண்ணாடிய போடு மச்சான், கண்ணு போயிடும் லா" என்று அக்கறையாகத்தான் சொல்வான். எனக்கு அதட்டுவதுபோல் இருக்கும். கிள்ளானுக்கு ரயிலில் திரும்பும்போதும் அந்தக் குரல் கூடவே வரும். சோறு இறங்காது.

பிரிக்பீல்ட்ஸில் நம் சபையின் ஜெபப் பெட்டியில் பெயரில்லாமல் ஒரு சீட்டுப் போட்டேன். "சகோதரர் தேவராஜின் பெருமையை உடைத்து அவரைத் தாழ்த்தும் ஆண்டவரே." வார்த்தை பக்தியானது. உள்ளே இருந்தது விஷம்.

அந்த வெள்ளிக்கிழமை சீட்டுகளை வாசிக்கும் முறை தேவராஜுடையது. தன் பெயரைத் தானே வாசித்தான். சீட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தான். பிறகு முழுவதும் வாசித்தான். எல்லோரும் ஆமென் சொன்னீர்கள். நானும் சொன்னேன்.

மூன்றாம் வாரம் தொழிற்சாலையின் இரும்புப் படியில் சறுக்கி விழுந்து அவன் இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அந்த ஆமென் என்னை விடவில்லை. இரும்பை அறுக்கும் சத்தத்திலும் கேட்டது. பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் வரிசையில் நின்றபடி, "ஆண்டவரே, ஓடவிடாதேயும். அவனிடம் கொண்டுபோய் விடும்" என்று கேட்டேன். பத்து வருட அலைச்சலில் முதல்முறையாக வரிசையை விட்டு விலகி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எல்லாம் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"தெரியும்டா. தாழ்த்தும்கிறதுக்கு 'தாள்த்தும்'னு எழுதியிருந்த. நம்ம சபையில வேற யாரு அப்படி எழுதுவா?"

"தெரிஞ்சுமா வாசிச்ச?"

"எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்துச்சு லா. அதான் நானும் ஆமென் சொன்னேன்."

சீட்டுக்காக ஆண்டவர் யாரையும் தள்ளிவிடுவதில்லை என்கிறார் போதகர். நம்புகிறேன். ஆனாலும் தேவராஜ் தடி ஊன்றி வரும் சத்தம் கேட்டால் அந்த ஆமென் மறுபடி காதில் விழும். அவன் பதவி மட்டும் இப்போது என்னைக் குடைவதில்லை. அந்தக் குடைச்சலைக் கர்த்தர் எடுத்துப்போட்டார். நன்றி சொல்லி முடியாது.

உங்களுக்குள்ளும் யார்மீதாவது எரிச்சல் இருந்தால், பொறாமை என்று அதன் பெயரைச் சொல்லியே, எடுத்துப்போடும் என்று அவரிடம் கேளுங்கள். வேறு பெயர் வைக்காதீர்கள். டிக்கெட் வரிசையில் என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.